ஒரே பட்டறை, இரண்டு செவ்வகங்கள்

1931 மார்ச் 4, பகல் 1.15 மணி. ரெனே-ஆல்ஃபிரட் ஷோவோ என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் பாரிஸில் ஒரு காப்புரிமை விண்ணப்பத்தைப் பதிவு செய்தார். தன் தாங்கியின் மேல் வழுக்கி நகர்ந்து, முழுவதுமாகக் குப்புறத் திரும்பிக்கொள்ளும் கைக்கடிகாரம். அதற்குத்தான் அவர் உரிமை கேட்டார். பிற்பாடு உலகம் ‘ரிவர்ஸோ’ என்று அழைத்த கடிகாரம் அன்றைக்குக் காகிதத்தில் பிறந்தது.

அதே பாரிஸில் 14 ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு செவ்வகக் கடிகாரம் பிறந்திருந்தது. 1917-ல் நகை வியாபாரி லூயி கார்டியர் வரைந்த ‘டேங்க்’. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த வருடம் அது. ரெனோ எஃப்.டி. ரக டாங்கியை மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ, அந்த வடிவத்தை அவர் மணிக்கட்டுக்குக் கொண்டுவந்தார் என்கிறது நிறுவனத்தின் வரலாறு. இரு பக்கமும் ஓடும் இரும்புப் பட்டைகள் கடிகாரத்தின் இரண்டு நீளச் சட்டங்களாயின. நடுவில் வீரர்கள் உட்காரும் பகுதி டயலாயிற்று.

இன்றைக்கு உலகில் விற்கும் விலையுயர்ந்த கைக்கடிகாரங்களில் மிகப் பெரும்பாலானவை வட்டமானவை. நூறாண்டுக் காலமாக அந்தப் பொதுவழக்கத்துக்கு வெளியே நின்று தாக்குப்பிடித்த செவ்வகக் கடிகாரங்களை எண்ணினால் முதலில் வருவன டேங்க்கும் ரிவர்ஸோவும்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது கடிகாரப் பிரியர்களுக்குப் பழக்கமான வேலை. ஆனால் அந்த ஒப்பீட்டில் பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. இந்த இரண்டும் போட்டியாளர்கள் என்பதைவிட ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பதே பொருத்தம். ஒரே வேரிலிருந்து கிளம்பி, கடிகாரம் என்றால் என்ன என்ற கேள்விக்கு நேரெதிரான பதில்களைச் சொன்ன பிள்ளைகள்.

அந்த வேரைத் தேட 1903-க்குப் போக வேண்டும். பாரிஸில் பிரெஞ்சுக் கடற்படைக்குக் கடிகாரம் செய்து கொடுத்துவந்த எட்மண்ட் ஜேஜர், மிக மெல்லிய கடிகார இயந்திரங்களுக்கான வரைபடங்களைக் கையில் வைத்துக்கொண்டு, இதைச் செய்து காட்ட முடியுமா என்று சுவிஸ் தயாரிப்பாளர்களுக்குச் சவால் விட்டார். சவாலை ஏற்றவர், சுவிட்சர்லாந்தின் ஷூ பள்ளத்தாக்கில் ல சாந்தியே கிராமத்திலிருந்த லெகூல்ட்ரே பட்டறையின் வாரிசு ஜாக்-டேவிட் லெகூல்ட்ரே. அவருடைய தாத்தா அந்துவான் 1833-ல் தொடங்கிய பட்டறை அது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கும் கருவியை 1844-லேயே செய்தவர் அந்தத் தாத்தா. பேரனும் ஏமாற்றவில்லை. 1907-ல் வெளிவந்த அவர்களுடைய பாக்கெட் கடிகார இயந்திரம் ஒன்றின் கனம் வெறும் 1.38 மில்லிமீட்டர்.

அதே 1907-ல்தான் ஜேஜர் கார்டியருடன் ஒப்பந்தம் போட்டார். 15 ஆண்டுகளுக்கு அவருடைய கடிகார இயந்திரங்கள் கார்டியருக்கு மட்டுமே. செய்து தரும் இடம் லெகூல்ட்ரே பட்டறை. ஆகவே தொடக்ககால டேங்க் கடிகாரங்களுக்குள் துடித்த இயந்திரம் ல சாந்தியேயில் உருவானது. பின்னால் ரிவர்ஸோவை உலகுக்குத் தந்ததும் இதே பட்டறை. 1937-ல் இரு பெயர்களும் இணைந்து ஜேஜர்-லெகூல்ட்ரே ஆயிற்று. இப்போது கார்டியரும் ஜேஜர்-லெகூல்ட்ரேயும் ரிஷ்மோன் என்ற ஒரே சுவிஸ் குழுமத்தின் கையில் இருக்கின்றன.

கோடு போட்டவரின் கடிகாரம்

டேங்க்கின் பெருமையை உணர, அதற்கு முந்தைய கைக்கடிகாரங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்கள் சட்டைப்பையில்தான் கடிகாரம் வைத்திருந்தார்கள். கையில் கட்டுவது பெண்களின் அலங்காரம் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. அந்த எண்ணத்தைப் போர்தான் மாற்றியது. பதுங்குகுழியில் ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் வரைபடமுமாக நின்ற சிப்பாய்க்குப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்க்க நேரமில்லை. ஆனால் அன்றைய கைக்கடிகாரங்களில் பல, பாக்கெட் கடிகாரத்தின் இரு முனைகளிலும் கம்பி வளையத்தைப் பற்றவைத்து, அதில் வாரைக் கோத்தவை. கடிகாரம் தனி, வார் தனி என்று அப்பட்டமாகத் தெரியும்.

லூயி கார்டியர் இந்த இடத்தில்தான் ஓர் ஓவியனின் கண்ணோடு நுழைந்தார். இரண்டு நீளச் சட்டங்களும் டயலின் பக்கச் சுவர்களாக நிற்கின்றன. அவையே நீண்டு வாரைப் பிடிக்கும் காதுகளாகவும் ஆகிவிடுகின்றன. கடிகாரம் எங்கே முடிந்து வார் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண் தேடுவதில்லை. ஒட்டவைத்த உறுப்பு என்று எதுவும் இல்லை. ஏற்கெனவே இருந்த பாக்கெட் கடிகாரத்தைக் கைக்கு ஏற்றபடி மாற்றாமல், கைக்காகவே முதலிலிருந்து யோசித்த வடிவம் இது. கைக்கடிகார வடிவமைப்பில் இதைவிடப் பெரிய தாவல் அதற்குப் பின் அதிகம் நடக்கவில்லை என்றே சொல்லலாம்.

டயலையும் கூர்ந்து பார்க்க வேண்டும். ரோமன் எண்கள் நடுப்புள்ளியிலிருந்து கதிர்போல் விரிகின்றன. மூலைகளில் நிற்கும் எண்கள் சாய்ந்து, இழுபட்டு, இடத்துக்கு ஏற்ற உருவம் கொள்கின்றன. உள்ளே தண்டவாளம் போன்ற சதுர நிமிடக் கோடு. வட்டத்தில் 60 நிமிடங்களைச் சம இடைவெளியில் பிரிப்பது எளிது. சதுரக் கோட்டில் நிமிடப் புள்ளிகள் மூலையை நெருங்க நெருங்க விலகிப் போகும். அந்தக் குறையைக் கண்ணுக்குத் தெரியாமல் சமன் செய்திருப்பதுதான் இந்த டயலின் சாமர்த்தியம். நீலமாகப் பதப்படுத்திய எஃகு முட்கள், சாவித் திருகின் தலையில் பதித்த நீலக்கல். ரோமன் ஏழின் ஒரு கோட்டுக்குள் பூதக்கண்ணாடி வைத்தால் மட்டும் தெரியும் அளவில் கார்டியர் பெயர். டேங்க்கில் காட்டவேண்டியது இவ்வளவுதான்.

1919-ல் கடைக்கு வந்தபோது முதலில் செய்தவை ஆறே ஆறு. அதன் பிறகு வந்த வகைகள் அதே இரண்டு சட்டங்களை வைத்து ஆடிய ஆட்டங்கள். 1921-ல் மணிக்கட்டின் வளைவோடு வளைந்த நீளமான சாந்த்ரே, 1922-ல் ஓரங்களை மென்மையாக்கிய ‘டேங்க் லூயி கார்டியர்’, 1928-ல் முட்களே இல்லாமல் இரண்டு சிறு ஜன்னல்களில் எண்களைக் காட்டிய கிஷே, 1936-ல் டயலையே சாய்த்த அசிமெட்ரிக். 1926-ல் வெளியான ‘தி சன் ஆஃப் தி ஷேக்’ என்ற மௌனப் படத்தில், பாலைவனக் கதை நடக்கும் காலத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ருடால்ஃப் வாலண்டினோ கையில் டேங்க் கட்டி நடித்தார். கழற்ற மனமில்லை.

ஓவியர் ஆண்டி வார்ஹோல் தன் டேங்க்குக்குச் சாவி கொடுப்பதே கிடையாது, மணி பார்க்க அதைக் கட்டவும் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஜாக்குலின் கென்னடியின் டேங்க் 2017-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 3,79,500 டாலருக்குப் போனது. அந்த விலையில் பெரும்பகுதி அதைக் கட்டிய கைக்கு உரியது என்பதை மறுக்க முடியாது. ஓடாமலே நின்றாலும் அழகாக இருக்கும் கடிகாரம் என்பது டேங்க்கின் பலம். இயந்திரத்தை நேசிப்பவர்களுக்கு அதுவே ஒரு மனக்குறையும்கூட.

திரும்பிப் படுக்கும் கடிகாரம்

ரிவர்ஸோவின் கதை இந்தியாவில் தொடங்குகிறது. பல் மருத்துவப் பொருள் வியாபாரத்தில் காசு சேர்த்து, பிறகு கடிகார வியாபாரத்துக்கு வந்த சுவிஸ்காரர் சேசார் டி ட்ரே. 1930 வாக்கில் அவர் இந்தியாவில் இருந்தபோது, போலோ ஆடும் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஒருவர் தன் கடிகாரத்தின் கண்ணாடி மட்டையடி பட்டு நொறுங்கியதைக் காட்டி, ஆட்டத்துக்குத் தாக்குப்பிடிக்கும் கடிகாரம் செய்ய முடியுமா என்று கேட்டார் என்பது நிறுவனம் இன்றுவரை சொல்லிவரும் கதை. மணிப்பூரின் சகோல் காங்ஜெய் ஆட்டத்தைப் பார்த்துப் பழகி, 1859-ல் அசாமின் சில்சாரில் கிளப் தொடங்கி விதிகள் எழுதி உலகம் முழுக்கக் கொண்டுபோன பிரிட்டிஷாருக்கு போலோ உயிர். குதிரை ஓடும் வேகத்தில் மரப்பந்தோ மட்டையோ பட்டால் அன்றைய மெல்லிய கண்ணாடி தாங்காது.

டி ட்ரே இந்தக் கேள்வியை ஜாக்-டேவிட் லெகூல்ட்ரேயிடம் கொண்டுபோனார். கண்ணாடிக்கு மூடி போடலாம், கம்பிவலை போடலாம். போரில் சிப்பாய்கள் அப்படித்தான் செய்திருந்தார்கள். ஷோவோ கண்டுபிடித்த வழி வேறு. கடிகாரத்தையே திருப்பிவிடு. பக்கவாட்டில் விரலால் தள்ளினால், கடிகாரத்தின் உலோகக் கூடாகிய கேஸ் தன் தொட்டிலுக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது, அச்சில் புரள்கிறது, மறுபடி வழுக்கி வந்து ‘டக்’ என்று உட்காருகிறது. மேலே இப்போது கெட்டியான உலோக முதுகு. கண்ணாடி உள்ளே பத்திரம். மார்ச்சில் விண்ணப்பம், ஜூலையில் உரிமையை டி ட்ரே வாங்கிவிட்டார், நவம்பரில் விற்பதற்கென்று லெகூல்ட்ரேயுடன் சேர்ந்து ஒரு நிறுவனமே தொடங்கிவிட்டார். கேஸ் செய்தது ஜெனீவாவின் வெங்கர். லெகூல்ட்ரேயிடம் பொருத்தமான இயந்திரம் கையில் இல்லாததால் முதலில் தவான் நிறுவனத்தின் இயந்திரங்களை வைத்து ஓட்டினார்கள். 1933-ல்தான் சொந்த இயந்திரம் வந்தது. அவசரத்தில் பிறந்த கடிகாரத்துக்கு இவ்வளவு ஆயுள் வாய்த்தது ஆச்சரியம்தான்.

திரும்பும் வித்தையை அன்றைய பெரிய பெயர்களும் விரும்பின. பாடெக் ஃபிலிப் தன் பெயரில் சில ரிவர்ஸோக்களை விற்றது. கார்டியரே ஒரு பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 1932-ல் வந்த ‘டேங்க் பாஸ்குலாந்த்’ தன் சட்டத்துக்குள்ளேயே குட்டிக்கரணம் போடும் டேங்க். ரிவர்ஸோ பக்கவாட்டில் புரளும், பாஸ்குலாந்த் தலைகீழாகச் சுழலும். அழகான கடிகாரம்தான். ஆனால் டேங்க் குடும்பத்தில் அது விருந்தாளியாகவே நின்றுவிட்டது.

போலோ மைதானத்துக்காகச் செய்த வெற்று முதுகு விரைவிலேயே வேறொரு வேலைக்கு வந்தது. மக்கள் அதில் பெயரெழுத்துகள் பொறித்தார்கள், குலச்சின்னம் பொறித்தார்கள், எனாமலில் காதலியின் முகம் தீட்டினார்கள். அமெரிக்கத் தளபதி டக்ளஸ் மெக்ஆர்தரின் ரிவர்ஸோ முதுகில் அவருடைய முதலெழுத்துகள் கறுப்பு எனாமலில் இருக்கின்றன. 2015-ல் ஏலத்துக்கு வந்த அதை ஜேஜர்-லெகூல்ட்ரே நிறுவனமே 87,500 சுவிஸ் ஃபிராங்க் கொடுத்துத் தன் காட்சியகத்துக்காக வாங்கிக்கொண்டது. மேலே எல்லோருக்கும் பொதுவான முகம், கீழே உரியவருக்கு மட்டும் தெரியும் முகம். மனிதர்களுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

ஆனாலும் ரிவர்ஸோ ஒருமுறை செத்துப் பிழைத்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வட்டக் கடிகாரங்களின் காலம் வந்தது. கண்ணாடிகளும் உறுதியாயின. திருப்ப வேண்டிய அவசியம் போய்விட்டது. ரிவர்ஸோ விற்பனைப் பட்டியலிலிருந்து மறைந்தது. 1969 டிசம்பர் 25-ல் ஜப்பானின் சைக்கோ உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை டோக்கியோவில் விற்பனைக்கு வைத்ததும் சாவி கொடுக்கும் கடிகாரங்களுக்கே எதிர்காலம் இல்லை என்ற பயம் சுவிஸ் பள்ளத்தாக்குகளைப் பிடித்துக்கொண்டது. சில ஆண்டுகளில் பட்டறை பட்டறையாக மூடின.

அந்த இருட்டில் 1972-ல் இத்தாலிய விநியோகஸ்தர் ஜியோர்ஜியோ கோர்வோ ல சாந்தியேக்கு வந்தார். அங்கே பயன்படாமல் கிடந்த 200 ரிவர்ஸோ கேஸ்கள் அவர் கண்ணில் பட்டன. எல்லாவற்றையும் வாங்கி, இயந்திரம் பொருத்தி, இத்தாலியில் விற்பனைக்கு வைத்தார். ஒரே மாதத்தில் தீர்ந்தன. 1975-ல் தயாரிப்பு மீண்டும் தொடங்கியது. 1985-ல் பொறியாளர் டேனியல் வைல்ட், திரும்பும் கேஸை 50-க்கும் மேற்பட்ட உறுப்புகளோடு புதிதாக வடிவமைத்து, தண்ணீரும் தூசியும் புகாதபடி ஆக்கினார். கடிகார இயந்திரத்துக்கு வெளியே, கேஸே இன்னொரு இயந்திரமாக இருப்பது ரிவர்ஸோவில்தான்.

1991-லிருந்து ரிவர்ஸோ தன் முதுகை வேறு விதமாகப் பயன்படுத்தத் தொடங்கியது. அறுபதாம் ஆண்டுக்கு ஒன்று, பிறகு சுழலும் கூண்டு கொண்ட டூர்பியோன், மணியடித்து நேரம் சொல்லும் ரிப்பீட்டர், நிறுத்துக் கடிகாரமாகவும் உதவும் குரோனோகிராஃப், உலக நேரம், நிரந்தர நாள்காட்டி என்று ஆறு வகைகள், ஒவ்வொன்றும் 500 மட்டும். அவற்றுக்கு நடுவே 1994-ல் வந்த ‘டுவோஃபேஸ்’தான் மிகப் புத்திசாலித்தனமானது. ஒரே இயந்திரம், இரண்டு பக்கமும் டயல். முன்பக்கம் ஊர் நேரம், திருப்பினால் அயல்நாட்டு நேரம். ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கும் முட்கள் என்பதால் ஒரே பல்சக்கரத் தொடரிலிருந்து எதிரெதிர்த் திசையில் அவற்றைச் சுழற்ற வேண்டும். 2021-ல் வந்த குவாட்ரிப்டிக்கில் நான்கு முகங்கள், 11 சிறப்புச் செயல்பாடுகள். தொட்டிலுக்குள் இருக்கும் முகங்களை நள்ளிரவில் கேஸிலிருந்து நீளும் ஒரு சிறு ஊசி அன்றாடம் ஓர் அடி நகர்த்திவிட்டுப் போகும். பத்தே பத்து செய்தார்கள். மேதைமை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 15 மில்லிமீட்டர் கனத்தில் அது ரிவர்ஸோவின் ஒல்லியான அழகை இழந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கையில் கட்டினால்

எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்துக்குத் தினமும் காலையில் சாவி கொடுத்துப் பழகிய தலைமுறைக்கு இந்த இரண்டின் உள்விவகாரம் புதிதல்ல. சுருள் ஸ்பிரிங் இறுகுகிறது, பல்சக்கரங்கள் வழியே மெல்ல அவிழ்கிறது, சமன் சக்கரம் அதை அளந்து விடுகிறது. இன்றைய டேங்க் லூயி கார்டியரின் சாவி இயந்திரமும் ரிவர்ஸோ வகைகளில் ஒன்றான ட்ரிப்யூட்டின் சாவி இயந்திரமும் மணிக்கு 21,600 முறை அதிர்கின்றன, அதாவது நொடிக்கு ஆறு. ஒருமுறை முழுச் சாவி கொடுத்தால் இரண்டுமே ஒன்றரை நாளைத் தாண்டி ஓடும். பெரிய வேறுபாடு இங்கே இல்லை.

உடலில்தான் வேறுபாடு. டேங்க் லூயி கார்டியரின் பெரிய அளவு 33.7-க்கு 25.5 மில்லிமீட்டர், கனம் 6.6. சட்டைக் கையின் பட்டனுக்குள் சத்தமில்லாமல் புகுந்துகொள்ளும். ரிவர்ஸோ ட்ரிப்யூட்டின் வழக்கமான ஆண்கள் அளவு 45.6-க்கு 27.4. நீளம் கூடுதல். மெலிந்த மணிக்கட்டுக்காரர்கள் கட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. தொட்டிலும் கேஸும் சேர்ந்ததால் எடையும் தெரியும். இரண்டையும் தண்ணீரில் நனைப்பது தவிர்க்கவேண்டிய காரியம்.

திரும்பும் பொறிக்கு ஒரு சின்ன விலையும் உண்டு. பலமுறை வழுக்கி வழுக்கி ஓரங்களில் மெல்லிய கீறல்கள் விழும். பல பழைய ரிவர்ஸோக்களில் இதைக் காணலாம். உரிமையாளர்கள் அதைக் குறையாக நினைப்பதில்லை. தங்க டேங்க்கின் மழமழப்பான சட்டத்தில் விழும் ஒரு கீறலோ உடனே கண்ணை உறுத்தும்.

ஆக, எது மேல்? வடிவம் என்ற ஒன்றை மட்டும் தராசில் வைத்தால் டேங்க் வெல்கிறது. பின்னால் வந்த எண்ணற்ற செவ்வகக் கடிகாரங்கள் அதன் சாயலில்தான் வந்தன. ரிவர்ஸோவின் டயல்கூட அந்தக் கடன் இல்லாமல் இப்படி இருந்திருக்காது. ஆனால் கேள்வி இயந்திரக் கடிகாரம் பற்றியது என்றால், பதில் ரிவர்ஸோ. ஒரு மனிதன் கேட்ட தேவைக்குப் பொறியியலால் பதில் சொன்ன கடிகாரம் அது. தேவை மறைந்த பின்னும் அந்தப் பொறியை விட்டுவிடாமல், அதிலிருந்தே புதிய பயன்களைக் கண்டெடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் வாங்க வசதியுள்ளவர், தினமும் கட்டி, தினமும் சாவி கொடுத்து, தன் பிள்ளைக்குக் கொடுக்க நினைப்பவராக இருந்தால் ரிவர்ஸோவை வாங்கி, முதுகில் பெயர் பொறித்துக் கொடுக்கலாம்.

டேங்க்கில் மனம் போனவர்களுக்கு ஒரு வார்த்தை. 1977-ல் கார்டியர் ‘மஸ்ட்’ கைக்கடிகார வரிசையைத் தொடங்கியதிலிருந்து பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் டேங்க்குகள் ஏராளமாக வருகின்றன. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ரிவர்ஸோவிலும் சில பெண்கள் வகைகளில் குவார்ட்ஸ் உண்டு. புதிதோ பழையதோ, பணம் கொடுக்கும் முன்பு உள்ளே இருப்பது சாவி கொடுக்கும் இயந்திரமா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.